சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் ஆண்டுகள்: மூட்டுநோய் ஆய்வும் அதன் அறமும்

முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை ஒன்று வென்றதா தோற்றதா என்பது, நோயாளி விடுதியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்படும் நாளில் தெரிந்துவிடுவதில்லை. தையல் ஆறியது, காய்ச்சல் இல்லை, ஊன்றுகோலுடன் நடக்கிறார் என்று எழுதி முடிக்கப்படும் குறிப்பு தொடக்கம் மட்டுமே. ஓராண்டும் ஐந்தாண்டும் பதினைந்தாண்டும் கழித்து அந்த மூட்டு அவரை எவ்வாறு நடக்கவும் அமரவும் எழவும் விடுகிறது என்பதே உண்மையான பெறுபேறு. அந்த ஆண்டுகளை யார் பார்க்கிறார்கள், பார்த்ததை யார் எழுதி வைக்கிறார்கள், எழுதியதை யாருக்குச் சொல்கிறார்கள் என்னும் மூன்று கேள்விகளும் மருத்துவ அறத்தின் நடுவில் நிற்பவை. இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலையின் கிளினிக்கில் முதலில் காட்டும் ஒருவர் சத்திரசிகிச்சைக்காகக் கல்முனைக்கோ அம்பாறைக்கோ மட்டக்களப்புக்கோ கொழும்புக்கோ போக நேரிடலாம். பின்னர் வலி எடுத்தால் அருகிலுள்ள தனியார் மருத்துவரிடமோ முறிவு நெரிவு பார்க்கும் பரிகாரியிடமோ போகலாம். இத்தனை இடங்களையும் இணைப்பது அவர் கையிலுள்ள கிளினிக் கொப்பியும் எக்ஸ்ரே உறையும்தான். அவை தொலைந்தால் அவருடைய மூட்டின் வரலாறும் தொலைந்துவிடும்.

மூட்டு எவ்வாறு கெடுகிறது என்பதை முதலில் சுருக்கமாகப் பார்ப்பது நல்லது. இரு என்புகள் சந்திக்கும் முனைகளைக் கசியிழையம் எனப்படும் வழுவழுப்பான படலம் மூடியிருக்கிறது. தமிழ்நாட்டு நூல்கள் இதைக் குருத்தெலும்பு என்கின்றன. இதற்குக் குருதிக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. தனக்கு வேண்டிய சத்தை மூட்டுத் திரவத்திலிருந்து பெறுவதாலும், காயத்தை ஆற்றக் குருதி வந்து சேராததாலும், ஒருமுறை தேய்ந்தால் அது பழைய நிலைக்கு வளர்வதில்லை. நரம்பில்லாத படலம் நோவதில்லை என்பதால், மூட்டுத்தேய்வு நோயில் உணரப்படும் உளைவு சுற்றியுள்ள சவ்விலிருந்தும், கசியிழையத்துக்கு அடியிலுள்ள என்பிலிருந்தும், தசைநார்களிலிருந்தும் எழுகிறது. எக்ஸ்ரே படத்தில் மிக மோசமாகத் தெரியும் முழங்காலுடன் ஒருவர் வயலுக்குப் போய்வருவதும், படத்தில் சிறு மாற்றமே உள்ள இன்னொருவர் படியேற முடியாமல் துன்பப்படுவதும் இதனால்தான் நேர்கின்றன. படத்தைப் பார்த்து மட்டும் சத்திரசிகிச்சையை முடிவு செய்வது தவறு என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

தேய்வு தவிர வேறு நோய்களும் உண்டு. உடலின் எதிர்ப்பாற்றல் தன் மூட்டுச் சவ்வையே தாக்கும் முடக்குவாதம், யூரிக் அமிலம் படிகமாகிப் பெருவிரல் மூட்டில் நள்ளிரவில் நெருப்பாய் எரியும் கவுட், கிருமி புகுந்து சில நாட்களிலேயே மூட்டை அழித்துவிடும் சீழ்மூட்டழற்சி ஆகியன ஒவ்வொன்றும் வெவ்வேறு மருந்தைக் கேட்பவை. இக்கரைக்குரிய இன்னொரு நோயும் நினைவுகூரத்தக்கது. 2006ஆம் ஆண்டின் இறுதியில் சிக்குன்குனியா இலங்கையில் பரவியபோது கல்முனைப் பிரதேசம் முதலில் தாக்கப்பட்ட இடங்களுள் ஒன்றாக இருந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டாலும் மூட்டுநோவு பலருக்கு மாதக்கணக்காக நீடிப்பது அந்நோயின் இயல்பு. காலையில் எழுந்து கையை மடக்க முடியாத ஒருவரை எல்லாம் தேய்மானம் என்று ஒரே சொல்லில் அனுப்பிவிடுவது, சரியான மருந்தைத் தொடங்கியிருந்தால் காப்பாற்றியிருக்கக்கூடிய மூட்டைப் பறிகொடுப்பதாக முடியலாம். முடக்குவாதத்தில் முதல் மாதங்கள் அத்தனை விலைமதிப்புள்ளவை.

தேய்வு முற்றிய முழங்காலுக்கு என்ன செய்தால் பயன் என்பதில், வழக்கமும் சான்றும் வேறுவேறு திசையில் போகக்கூடும் என்று காட்டிய ஆய்வு அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள படைவீரர் வைத்தியசாலையில் நடைபெற்றது. சிறு துளைகளின் வழியாகக் கமராக் குழாயைச் செலுத்தி, மூட்டுக்குள் கிழிந்தவற்றைச் சுரண்டி எடுத்து உப்புநீரால் கழுவும் முறை அக்காலத்தில் பெருவழக்காக இருந்தது. செய்துகொண்டவர்களில் பலர் நோவு குறைந்ததாகச் சொன்னார்கள், செய்த வைத்தியர்களும் அதை நம்பினார்கள். அந்த ஆய்வை நடத்திய மோஸ்லியும் அவருடைய குழுவினரும் 180 நோயாளிகளை எழுமாற்றாக, அதாவது எவருடைய விருப்பமும் தலையிடாதபடி குலுக்கல் முறையில், மூன்று குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்குச் சுரண்டிக் கழுவினார்கள். ஒரு குழுவுக்குக் கழுவ மட்டும் செய்தார்கள். மூன்றாம் குழுவுக்குத் தோலில் மூன்று சிறிய வெட்டுகளை இட்டு, கருவியை உள்ளே செலுத்தாமலேயே, உண்மையான சத்திரசிகிச்சையில் கேட்பதுபோலக் கருவிகளைக் கேட்டு வாங்கி, காலை அசைத்து, நீர் தெறிக்கும் ஓசையையும் எழுப்பி, பின்னர் தைத்து விட்டார்கள். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2002இல் வெளியிட்ட முடிவின்படி, எந்தக் கட்டத்திலும் உண்மைச் சிகிச்சை பெற்றவர்கள் போலிச் சிகிச்சை பெற்றவர்களைவிட நோவிலோ நடையிலோ மேலான நிலையில் இருக்கவில்லை.

ஒரு மனிதரின் தோலை அவருக்கு எவ்விதப் பயனும் தராத வெட்டுக்கு உட்படுத்தலாமா என்ற கேள்வி அன்றும் எழுந்தது, இன்றும் எழ வேண்டும். அந்த ஆய்வில் சேர்ந்த ஒவ்வொருவரும், தமக்குப் போலிச் சத்திரசிகிச்சை மட்டுமே கிடைக்கக்கூடும் என்பதையும், அப்படிக் கிடைத்தால் தம் மூட்டுநோய்க்கு அதனால் பயனில்லை என்பதையும் அறிந்தே சேர்வதாகத் தம் கையாலேயே மருத்துவக் குறிப்பில் எழுதினார்கள். கேட்கப்பட்ட 324 பேரில் 144 பேர் மறுத்துவிட்டார்கள். இந்த 144 என்ற எண்ணே அங்கு பெறப்பட்ட சம்மதம் உண்மையானது என்பதற்கான வலுவான அடையாளம், ஏனெனில் எவருமே மறுக்காத சம்மதப் படிவத்தில் மறுக்கும் வாய்ப்பு உண்மையில் கொடுக்கப்பட்டதா என்று ஐயுற வேண்டும். இன்னொரு கோணமும் உண்டு: பயனற்ற சத்திரசிகிச்சையை இலட்சக்கணக்கானோருக்குச் சோதிக்காமலேயே செய்து வருவதைவிட, அறிந்து சம்மதித்த அறுபது பேருக்கு ஒருமுறை போலி வெட்டு இட்டுச் சோதிப்பது குறைந்த தீங்கு. இக்கணக்கு சங்கடமானதுதான், ஆனாலும் சரியானது.

மூட்டை முழுவதுமாக மாற்றும் சத்திரசிகிச்சையின் நிலை வேறு. அது உண்மையில் வேலை செய்கிறது. டென்மார்க்கில் 100 பேரிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான எழுமாற்று ஆய்வில், மாற்று மூட்டுடன் பன்னிரண்டு வார உடற்பயிற்சியும் பெற்றவர்கள், உடற்பயிற்சி, உணவுக் கட்டுப்பாடு, நோவு மருந்து ஆகியவற்றை மட்டும் பெற்றவர்களைவிட ஓராண்டின் முடிவில் ஏறத்தாழ இருமடங்கு முன்னேறியிருந்தார்கள். அதே ஆய்வு இன்னும் இரண்டு செய்திகளையும் சொல்கிறது: கடுமையான பக்கவிளைவுகள் சத்திரசிகிச்சைக் குழுவிலேயே அதிகமாக இருந்தன, சத்திரசிகிச்சையில்லாக் குழுவினரில் நால்வரில் ஒருவரே அந்த ஆண்டுக்குள் சத்திரசிகிச்சைக்குப் போனார். இவற்றுடன், வெவ்வேறு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது மாற்று முழங்கால் பொருத்தப்பட்டவர்களில் 10 முதல் 34 சதவீதத்தினர் நீண்டகால நோவுடன் வாழ்வதாகவும், மறுபுறம் மாற்று முழங்கால்களில் ஏறத்தாழ 82 சதவீதம் இருபத்தைந்து ஆண்டுகள் நிலைப்பதாகவும் கண்டறியப்பட்டிருப்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கருவி நிலைத்திருக்க, அதைச் சுமப்பவர் நோவுடன் இருப்பது நடக்கக்கூடியது. கருவியின் ஆயுளை மட்டும் எண்ணுவோருக்கு அந்த நோவு தெரியாமலே போகும்.

அப்படியானால் எதை எண்ண வேண்டும்? முழங்கால் ஆய்வுகளில் உலகெங்கும் பயன்படும் வோமேக் என்ற வினாத்தாளில் 24 வினாக்கள் உண்டு. ஐந்து நோவைப் பற்றியவை, இரண்டு விறைப்பைப் பற்றியவை, பதினேழு அன்றாட இயக்கத்தைப் பற்றியவை. படி ஏறுதல், படி இறங்குதல், காரில் ஏறி இறங்குதல், காலுறை அணிதல், காலுறை கழற்றுதல், குளியல் தொட்டிக்குள் இறங்குதல் என்று கேட்கும் அத்தாளில், தரையில் அமர்ந்து எழ முடிகிறதா என்ற வினா கிடையாது. அத்தாள் உருவான கனடாவில் அது பிழையல்ல. அக்கரைப்பற்றில் அது பெரும் இடைவெளி. கடமையான ஐவேளைத் தொழுகையில் ஒரு நாளைக்குப் பதினேழு ரக்அத்துகள், ஒவ்வொன்றிலும் இரண்டு சுஜூதுகள், ஆக முப்பத்துநான்கு முறை நெற்றி தரையைத் தொட வேண்டும். நிலையிலிருந்து குனிந்து, முழங்கால்களை ஊன்றி, பின் குதிகாலின் மேல் அமரும் அத்தஹிய்யாத் இருப்பில் முழங்கால் முழுவதுமாக மடிகிறது. சமதரையில் நடக்க முழங்கால் 60 அல்லது 70 பாகை மடிந்தால் போதும், நாற்காலியிலிருந்து எழ 90 பாகைக்குச் சற்று மேல் வேண்டும், குதிகால்மேல் அமர்வதற்கோ 150 பாகைக்கும் அதிகமாக மடிய வேண்டும். மாற்று முழங்கால் பெரும்பாலும் தருவது 110 முதல் 120 பாகை வரையே. பன்பாயில் சம்மணமிட்டு அமர்வதும், கலியாண வீட்டில் சஹன் என்னும் பொதுத் தட்டைச் சுற்றி இருந்து உண்பதும், குந்தியிருந்து மீன் ஆய்வதும் இதே எல்லைக்கு அப்பாலுள்ள இயக்கங்கள்தாம்.

ஆகவே இவ்வூரில் முழங்கால் மாற்றிக்கொண்ட ஒருவர் நோவு நீங்கி நன்றாக நடந்தும், பள்ளிவாசலில் வரிசையின் ஓரத்தில் நாற்காலி போட்டுத் தொழ வேண்டியவராக இருக்கலாம். நோயாளி இருந்து தொழுவதற்கு மார்க்கத்தில் அனுமதி உண்டு என்பதை எல்லோரும் அறிவர். இருந்தும், அனுமதி உண்டு என்பதாலேயே அவருக்கு அது இழப்பல்ல என்று வைத்தியர் முடிவு செய்துவிட முடியாது. சுஜூதுக்குப் போகும் ஆசையினாலேயே சத்திரசிகிச்சைக்கு வந்த ஒருவரிடம், அந்த ஒன்றுதான் கிடைக்காமல் போகக்கூடும் என்பதை முன்னரே சொல்லாமல் விடுவது, முழு உண்மையையும் மறைத்ததற்குச் சமம். ஆய்வாளர்கள் கேட்டு எழுதாத எதையும் வைத்தியர் எண்களோடு சொல்ல முடியாது என்பதால், வினாத்தாளை ஊரின் வாழ்வுக்கு ஏற்ப விரிப்பது வெறும் மொழிபெயர்ப்பு வேலையாக நின்றுவிடாமல் அறக்கடமையாகவும் ஆகிறது.

இக்கடமையைத் தமிழ் நிலத்தில் மிகத் தெளிவாக உணர்ந்து செயல்பட்ட ஒரு முன்னோடி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் வந்த சத்திரசிகிச்சை நிபுணர் போல் பிராண்ட். தொழுநோயால் நகம்போல் வளைந்துபோன விரல்களைத் தசைநார் மாற்றத்தால் நிமிர்த்தி, மடங்கவும் பிடிக்கவும் செய்த அவர், அத்துடன் வேலை முடிந்தது என்று நினைக்கவில்லை. நிமிர்ந்த கைகளோடு ஊருக்குத் திரும்பியவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை என்பதையும், உணர்விழந்த விரல்கள் புதிதாகக் கிடைத்த பிடியின் பலத்தாலேயே காயப்பட்டன என்பதையும் பின்தொடர்ந்து பார்த்தே அவர் கண்டார். 1950களின் தொடக்கத்தில் வேலூரில் நோயாளிகள் தங்கித் தொழில் பழகும் நவஜீவ நிலையம் உருவானதும் அதன் விளைவே. சத்திரசிகிச்சை மேசையை விட்டு விலகிச் சென்று பார்த்திராத ஒருவருக்கு அவ்விரு உண்மைகளும் புலப்பட்டிருக்க மாட்டா.

மாற்று மூட்டின் வரலாற்றிலும் இதற்கு இணையான பாடம் உண்டு. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் வைத்தியசாலையில் ஜோன் சார்ன்லி, 1950களின் பிற்பகுதியிலிருந்து இடுப்பு மூட்டின் குழிப் பகுதிக்கு டெப்லோன் என்னும் வழுக்கும் பொருளைப் பயன்படுத்தினார். தொடக்கத்தில் நோயாளிகள் மகிழ்ந்தனர். சில ஆண்டுகளுக்குள் அது விரைந்து தேய்ந்து, தூளாகி, சுற்றியுள்ள திசுக்களைப் புண்படுத்தியது. தாம் பொருத்திய ஏறத்தாழ முந்நூறு பேரில் நேர்ந்த இத்தோல்வியை அவர் மூடி மறைக்காமல் மீண்டும் மீண்டும் சத்திரசிகிச்சை செய்து திருத்தினார். டெப்லோனையும் மாற்றாக வந்த பொலிஎதிலீனையும் தூளாக்கித் தம் தொடையிலேயே ஊசியால் ஏற்றி, முன்னது கட்டியாக நிற்பதையும் பின்னது தீங்கின்றி இருப்பதையும் மாதக்கணக்காகப் பார்த்த பின்னரே, 1962இல் தொடங்கிய பொலிஎதிலீன் மூட்டைப் பரவலாக்க இசைந்தார். தன் உடலையே சோதனைக்கு உட்படுத்தியதைப் பலரும் போற்றுவர். ஆனால் அதைவிடப் பெரிது, முடிவு தெரியும்வரை மற்ற வைத்தியர்களுக்குக் கருவியைக் கொடுக்க அவர் அவசரப்படாததே.

அந்தப் பொறுமை இல்லாதபோது என்ன நேர்ந்தது என்பதற்கு அண்டை நாட்டின் அனுபவம் போதும். ஜோன்சன் அன்ட் ஜோன்சன் குழுமத்தைச் சேர்ந்த டெப்யூ நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் என்னும் இடுப்பு மூட்டில், கோபால்ட்டும் குரோமியமும் கலந்த உலோகம் அதே உலோகத்தின் மீது உராய்ந்தது. உராய்விலிருந்து கழன்ற அயன்கள் சுற்றுத் திசுக்களை அழித்து, சிலருக்குக் குருதியிலும் ஏறின. 2010 ஓகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டபோது ஏறத்தாழ 93,000 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. ஆபத்தை முன்கூட்டியே உணர்த்தியது அவுஸ்திரேலியாவின் தேசிய மூட்டு மாற்றுப் பதிவேடு. 1999இல் தொடங்கிய அது, ஒவ்வொரு மாற்று மூட்டையும் வகையோடும் இலக்கத்தோடும் எழுதி, பின்னர் அது மறுசத்திரசிகிச்சைக்கு உட்பட்டதா என்று பார்த்து வந்தது. சுவீடனில் முழங்காலுக்கான அத்தகைய பதிவேடு 1975இலேயே தொடங்கியிருந்தது. இந்தியாவிலோ ஏஎஸ்ஆர் மூட்டு பொருத்தப்பட்டவர்கள் ஏறத்தாழ 4,700 பேர் என்று கணக்கிடப்பட்டும், 2017இல் மத்திய அரசு நியமித்த நிபுணர் குழு ஆராய்ந்தபோது பெரும்பாலானோரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. இழப்பீடாகத் தரப்பட வேண்டிய தொகை பற்றிய விவாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. பெயரும் முகவரியும் எழுதி வைக்கப்படாதவருக்கு அத்தொகை எவ்வளவாக இருந்தும் பயனில்லை. பதிவேடு பணக்கார நாடுகளின் ஆடம்பரம் என்னும் எண்ணத்தை இந்த ஒரு நிகழ்வே தள்ளுபடி செய்கிறது.

சம்மதம் பற்றியும் சில சொல்ல வேண்டும். இக்கரையில் சம்மதப் படிவத்தில் கையொப்பம் இடுபவர் பெரும்பாலும் நோயாளியேயானாலும், முடிவு எடுப்பவர் மகனோ மருமகனோ ஆக இருப்பது அரிதல்ல. "உம்மாக்கிட்ட சொல்லாதீங்க டொக்டர், பயந்திருவா" என்னும் வேண்டுகோளில் அன்பு இருக்கிறது, ஆனாலும் உம்மாவின் முழங்கால் உம்மாவுடையது. இரண்டாவதாக, சத்திரசிகிச்சைக்குப் பின் கால் நாளங்களில் குருதி உறையாமலிருக்கப் போடப்படும் எனொக்சபரின் போன்ற ஊசிகள் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படும் ஹெபரினிலிருந்து உருவாக்கப்படுபவை. நிர்ப்பந்தத்தில் அதற்கு இடமுண்டு என்று உலமாக்கள் கூறக்கூடும். பன்றியிலிருந்து வராத மாற்று மருந்துகளும் சிலருக்குப் பொருந்தக்கூடும். எதைத் தேர்வது என்பது வேறு விடயம். பத்து நாள் ஊசி போட்டு முடிந்த பின் பக்கத்துக் கட்டில்காரர் வாயால் ஒருவர் இதைக் கேள்விப்படுவதுதான் தவறு. மூன்றாவதாக, அரச வைத்தியசாலையில் கட்டணமின்றிச் சத்திரசிகிச்சை கிடைக்கும் நாட்டிலும், இறக்குமதியாகும் மூட்டின் விலை, காத்திருக்கும் மாதங்கள், தனியார் பக்கம் போனால் ஆகும் செலவு ஆகியன குடும்பத்தின் வயலையோ நகையையோ தொடும் அளவுக்கு வரக்கூடும் என்பதால், சத்திரசிகிச்சையின்றி ஆறு மாதம் தசைப்பயிற்சி செய்து பார்க்கும் வழியும் அதே அக்கறையோடு சொல்லப்பட வேண்டும்.

ஆய்வின் நேர்மை கெட்டால் மேலே சொன்ன அனைத்தும் சரியும். ஜப்பானைச் சேர்ந்த யோஷிஹிரோ சாட்டோ, பக்கவாதமும் பார்க்கின்சன் நோயும் உள்ள முதியவர்களுக்கு விற்றமின்களும் சில மருந்துகளும் இடுப்பு என்பு முறிவை வெகுவாகக் குறைப்பதாகப் பல ஆய்வுகளை வெளியிட்டார். அவற்றின் எண்கள் நம்பத்தகாதவை என்று நியூசிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் இருந்த ஆய்வாளர்கள் பொறுமையுடன் கணக்குப் பார்த்து நிறுவியதன் பின், அவருடைய ஏராளமான கட்டுரைகள் 2016 முதல் திரும்பப் பெறப்பட்டன. அதற்குள் அவை தொகுப்பாய்வுகளிலும் சிகிச்சை வழிகாட்டல்களிலும் கலந்துவிட்டிருந்தன. எங்கோ ஒரு வீட்டில் ஒரு மூதாட்டி அந்தப் பொய்யின் பேரில் மாத்திரை விழுங்கியிருப்பார். ஆய்வு தொடங்குமுன்பே அதன் திட்டத்தைப் பொதுவில் பதிய வேண்டும் என்ற விதி இதற்கு ஓரளவு தடை. இலங்கை மருத்துவச் சங்கத்தின் கீழ் 2006இல் தொடங்கிய இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு அதற்கான வசதியை இந்நாட்டு ஆய்வாளருக்கு அளிக்கிறது.

இப்பிரதேசத்தில் மூட்டுப் பதிவேடு ஒன்று தொடங்க அதிகம் வேண்டியதில்லை. பொருத்தப்பட்ட கருவியின் பெட்டியிலுள்ள ஒட்டுத்தாளை நோயாளியின் கிளினிக் கொப்பியிலும் வைத்தியசாலை ஏட்டிலும் ஒட்டுதல், சத்திரசிகிச்சைக்கு முன்னும் ஓராண்டின் பின்னும் ஒரே வினாக்களைக் கேட்டு எழுதுதல், வராதவரைத் தொலைபேசியில் அழைத்தல் என்பன ஒரு தாதியாலும் ஓர் எழுதுநராலும் செய்யக்கூடியவை. வினாக்களில் தரையிலிருந்து எழுதல், சுஜூது, சம்மணம், வயல் வரம்பில் நடத்தல் ஆகியன இடம்பெற வேண்டும். ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் மட்டக்களப்பிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மருத்துவம் கற்பிக்கும் பீடமும் வைத்தியசாலைகளும் சேர்ந்தால், பெயரை நீக்கி எண்களை ஆராய்வதற்கான அறக்குழுவின் அனுமதியும் முறையாகக் கிடைக்கும்.

கடினமான பகுதி வேறெங்கோ இருக்கிறது. எந்த வைத்தியருடைய மூட்டுகள் அதிகம் தவறின என்று பட்டியல் வெளியாகத் தொடங்கினால், நீரிழிவும் உடற்பருமனும் உள்ள, தொற்று வரும் வாய்ப்புக் கூடிய முதிய பெண்களைச் சத்திரசிகிச்சைக்கு எடுக்கவே வைத்தியர்கள் அஞ்சுவர். நலமுள்ளோருக்குக் கதவு திறந்து, நோவு மிகுந்தோருக்கு மூடிவிடும். ஆகையால் ஒவ்வொரு நோயாளியின் வயதும் எடையும் நீரிழிவும் குறிக்கப்பட்டு, ஒத்தவரோடு ஒத்தவரே ஒப்பிடப்பட வேண்டும். தனி வைத்தியரின் எண்கள் முதல் சில ஆண்டுகளேனும் அவரிடமும் அவருடைய நிபுணர் குழுவிடமும் மட்டுமே போக வேண்டும். கருவிகளைப் பற்றிய எண்கள் மட்டும் தாமதமின்றி, எந்த நிறுவனத்தின் பெயரானாலும், பொதுவில் வர வேண்டும்.